பலகைமலையில் யாரும் கூப்பிடவில்லை

ஏழு நிமிஷம் லேட்டு. பாத்தியளா அண்ணாச்சி? ஏழு அம்பதுக்கு எடுக்க வேண்டிய வண்டிய ஏழு அம்பத்தேழுக்கு எடுக்கான். கேட்டா, ‘ரெண்டு பேரு ஓடி வந்தாங்க, ஏத்திக்கிட்டேன்’ங்கான். ஓடி வாரவனுக்கெல்லாம் நின்னா வண்டி ஊரு போய்ச் சேந்த மாதிரிதான்.

உக்காருங்க, உக்காருங்க. பையக் கீழ வைங்க. நான் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பரா இருந்தவன், அதான் வாய் சும்மா இருக்க மாட்டேங்கு. பஸ் ஸ்டாண்டுல கூண்டு மாதிரி ஒரு ரூம் இருக்கும்லா, அதுக்குள்ள உக்காந்து வார வண்டி போற வண்டிக்கெல்லாம் நேரம் போடுறது என் வேல. சங்கரநயினார் டூட்டியில இருக்கான்னா ஒரு டிரைவர் நின்னு டீ குடிக்க மாட்டான். பயம். இப்ப இருக்கவனப் பாருங்க, போன நோண்டிக்கிட்டு இருக்கான்.

நீங்க எதுவரைக்கும்? கல்லாத்துக்குடியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். அதுக்கு மேல ரோடே கெடையாதுல்லா. என்ன, பம்புசெட் ரிப்பேரா? சரி சரி. நான் ரேஞ்சர் ஆபீசுக்குப் போறேன். விசாரணை. பத்தரை மணிக்கு. கடைசி விசாரணை இன்னைக்கு. நான் ஒரு கையெழுத்துப் போட்டேன்னா அந்த ஈச்சன் பயலுக்கு இனி வாழ்நாளைக்கும் வழிகாட்டி வேல கெடையாது. எட்டு மாசமா நிப்பாட்டித்தான் வெச்சிருக்காங்க. இன்னைக்கோட ஒரேடியா முடிஞ்சிரும்.

அப்படிப் பாக்காதிய. நான் கெட்டவன் இல்ல. எம் பொண்டாட்டிய அவன் கொன்னுட்டான் அண்ணாச்சி.

கையால கொல்லல. கொல்லணும்னு கொல்லல. கவனக்குறைவு. மனுவுல அப்படித்தான் எழுதியிருக்கேன், ‘வழிகாட்டியின் கவனக்குறைவு’. இந்தா, இந்தக் கவருக்குள்ளதான் இருக்கு. டைப் அடிச்சு, தேதி போட்டு, நேரம் போட்டு. நேரம் எல்லாம் கரெக்டா இருக்கும், அதுல என்னய ஒருத்தன் குத்தம் சொல்ல முடியாது.

நீங்க பலகைமலைய பாத்திருக்கியளா? இன்னும் ரெண்டு வளைவு தாண்டினா உங்க பக்கத்து சன்னல்ல தெரியும். மத்த மலைக்கெல்லாம் உச்சி கூரா இருக்கும்லா, இதுக்கு உச்சியே இருக்காது. அருவாமனையில வெச்சுச் சீவின மாதிரி மேல சமமாக் கெடக்கும். எங்க வீட்டு மொட்டைமாடில இருந்து பாத்தா தெரியும். எங்க வீட்ல, உலகம்மான்னு பேரு, துணி காயப்போட மாடிக்குப் போனா அந்த மலையப் பாத்துக்கிட்டே நிப்பா. ஈரத்துணி தோளுல கெடக்கும், ஜாக்கெட்டெல்லாம் நனையும், அது பாட்டுக்கு நிப்பா. நான் கீழ இருந்து சத்தம் போடுவேன், ‘ஏட்டி, வா, நேரமாச்சு!’ன்னு. ‘இந்தா வாரேன்’ம்பா. வந்துருவா. அதச் சொல்லணும், கூப்பிட்ட கொரலுக்கு வந்துருவா. முப்பத்திரெண்டு வருஷத்துல ஒரு நாள் ரெண்டாவது தடவ கூப்பிட வெச்சது கெடையாது.

‘அதுக்கு மேல என்ன இருக்கும்?’னு கேப்பா. ‘கல்லு இருக்கும்’பேன். ‘அங்கன இருந்து பாத்தா நம்ம மாடி தெரியுமா?’ம்பா. சரியான கிறுக்கு, கோட்டிக்காரி.

அவளுக்காகத்தான் போனேன் அண்ணாச்சி. ஒரு சேல கேக்க மாட்டா, ஒரு சினிமா கேக்க மாட்டா. இது ஒண்ணு கேட்டா. நான் ரிட்டையர் ஆன வருஷம் பாத்து இந்த மலையேத்தத்துக்கு ஆள் எடுக்காங்கன்னு பேப்பர்ல வந்துது. நாலு நாளு, பன்னெண்டு பேரு, கூட ஒரு வழிகாட்டி, சுமை தூக்க சமைக்க மூணு பேரு. மாசி, பங்குனி மட்டுந்தான் விடுவாங்க. டாக்டர் சர்டிபிகேட்டு, ஆதாரு, எல்லாம் நான்தான் அலைஞ்சு குடுத்தேன். அவளுக்குச் சந்தோசம்னா சந்தோசம், ரெண்டு மாசம் விடியக்காலம் எந்திரிச்சு மாடிப்படி ஏறி எறங்கினா. எனக்காவது முட்டு வலிக்கும், அவளுக்கு ஒண்ணும் கெடையாது.

நான் ஒரு சார்ட்டு போட்டேன். எத்தன மணிக்கு எங்க இருக்கணும்னு. கல்லாத்துக்குடி செக்போஸ்ட் ஏழு பூஜ்யம் பூஜ்யம், ஆத்தங்கரைக் கொட்டகை ஒண்ணு பதினஞ்சு, அப்படி நாலு நாளுக்கும். அத பிளாஸ்டிக் ஒட்டி, மழையில நனையாத மாதிரி பண்ணிக்கிட்டேன். எங்க வீட்ல அத வாங்கி வேர்வைக்கு விசிறிக்கிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு வைங்க.

வளைவுல புடிச்சுக்கிடுங்க. இந்த டிரைவர் ஓட்டுறத பாத்தா விட்ட ஏழு நிமிஷத்த இங்கன புடிக்கப் பாக்கான்.

மொத நாளே எனக்கும் அந்த ஈச்சனுக்கும் ஒத்து வரல. என்னங்கியளா? அவன் கடைசியா நடக்கான். வழிகாட்டின்னா முன்னால போகணுமா வேண்டாமா? டிரைவர் பின்சீட்டுல உக்காந்தா வண்டி ஓடுமா? நான் கேட்டேன், ‘ஏம்ப்பா, ஒனக்குத்தான வழி தெரியும், நீ முன்னால போ’ன்னு. அவன் பைய சொல்லுதான், ‘வழி தரையிலேயே கெடக்கு ஐயா. ஆளுதான் விட்டுப்போகும். நான் பின்னாடி வாரேன்’னு. நாப்பது வயசு இருக்கும். ஒல்லி. பேசவே மாட்டான், பேசினா கேக்காது, அப்படி ஒரு கொரலு.

எங்க வீட்லயும் கடைசிதான். நடக்கத் தெரியாம இல்ல. நின்னுருவா. ஒரு மரம், ஒரு பூச்சி, ஒரு தவளை, என்னமும் ஒண்ணு கண்டா நின்னுருவா. ‘இது என்னப்பா, அது என்னப்பா’ன்னு அவன்கிட்ட ஒவ்வொண்ணா பேரு கேப்பா. அவனும் அவகூட நின்னு சொல்லுவான். எங்கிட்ட பேசாதவன் அவகிட்ட வாய் ஓயாம பேசுதான். ரெண்டு பேரும் சேந்து அட்டைய காலுல இருந்து எடுத்து, கீழ போட்டு மிதிக்காம இலையில வெச்சு அங்கிட்டு விடுதாங்க! அத பாத்துட்டு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். நான் முன்னால போயி நின்னு கூப்பிடுவேன். ‘ஏட்டி, வா, நேரமாச்சு!’ ‘இந்தா வாரேன்!’ ஓடி வருவா. கொஞ்ச தூரம் எங்கூட நடப்பா. பெறகு திரும்பவும் பின்னாடி போயிருவா.

ஆத்தங்கரைக் கொட்டகைக்கு சார்ட்டுப்படி ஒண்ணே கால். போனது மூணு மணி.

ரெண்டாவது நாளு பாறையடில தங்கினோம். அங்கன இருந்து நிமிந்து பாத்தா மலை செவுரு மாதிரி நிக்கு. மூணாவது நாளு காலையில அந்தச் செவுத்துல ஒரு வெட்டு வழியா ஏறி மேல போகணும். ஏறி முடியுற எடத்துல, மேல வெளிம்புல ஒரு நட்ட கல்லு இருக்கு, மூணு அடி உசரம், மஞ்சளெல்லாம் பூசி. அங்கன எல்லாரையும் உக்கார வெச்சு அந்த ஈச்சன் ஒரு சட்டம் சொன்னான். மலையில இருக்க அவங்க ஆளுங்க வழக்கமாம். இந்தக் கல்லத் தாண்டினா யாரும் யாரையும் கூப்பிடக் கூடாதாம்.

பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது, வான்னு கூப்பிடக் கூடாது, ஓன்னு கத்தக் கூடாது. ஒரு ஆளு வேணும்னா அவங்க பக்கத்துல நடந்து போகணும். இல்லன்னா அவங்க வார வரைக்கும் நிக்கணும். மூடுபனி எறங்கிச்சுன்னா அவனவன் இருந்த எடத்துல உக்காந்துரணும். ‘நான் ஒருத்தர் ஒருத்தரா வந்து தோளத் தொடுவேன். தொட்டப்புறம் எந்திரிங்க. தொடாம யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்காதீங்க. மலை நம்ம கொரலுலயே கூப்பிடும்’னான்.

மலை கூப்பிடுமாம்! எனக்குச் சிரிப்பா வந்துச்சு. காலேஜ் பையங்க நாலு பேரு வந்திருந்தாங்க, அவனுவளும் சிரிச்சானுவ. எங்க வீட்ல மட்டும் சிரிக்கல. ‘சரிப்பா, நீ வந்து தொட்டாத்தான் எந்திரிப்பேன்’னு சொன்னா. சின்னப்பிள்ள டீச்சருக்குச் சொல்லுற மாதிரி.

அதுல ஒரு காரணம் இருக்கத்தான் செய்யுது, பெறகுதான் தெரிஞ்சுது. மேல பாறை முழுக்க வெடிப்பு. கைய விட அகலமா சிலது, ஆளு அகலத்துக்குச் சிலது. மேல பாசியும் புல்லும் மூடிக் கெடக்கும், காலு வெச்சாத்தான் தெரியும். எம்புட்டு ஆழம்னு யாருக்கும் தெரியாது. அதோட அங்கன சத்தம் நேரா வராது. மேக்க நின்னு பேசினா கெழக்க இருந்து கேக்கும். அதத்தான் அவன் மலை கூப்பிடும்னு சொல்லியிருக்கான். அப்படியே வெளக்கிச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? மலை, கொரலுன்னு கத சொன்னா படிச்சவன் நம்புவானா? அதையும் மனுவுல எழுதியிருக்கேன். ‘பாதுகாப்பு விதிகள் தெளிவாக விளக்கப்படவில்லை.’

இந்தா, இந்தா, தெரியுது பாருங்க. அதான். பலகைமலை. இன்னைக்கு மேல பனி இல்ல.

பாத்தாச்சுல்லா. அந்தச் சன்னல் ஸ்கிரீனக் கொஞ்சம் இழுத்து விட்டுருங்க அண்ணாச்சி.

மேல போய்ச் சேரும்போது மணி பன்னெண்டு பத்து. எங்க வீட்ல நேரா வெளிம்புக்குப் பக்கத்துல போயி குப்புறப் படுத்துக்கிட்டா. நம்ம ஊரு இருக்க திசையப் பாத்துக்கிட்டு. நான் போயி, ‘என்னட்டி பண்ணுதே?’ன்னேன். ‘நம்ம மாடியத் தேடுதேன். கொடில உங்க வேட்டியக் காயப்போட்டுட்டு வந்தேன், வெள்ளையாத் தெரியும்னு’ன்னா. நாலு நாளா வேட்டி கொடிலேயே கெடக்கட்டும்னு போட்டுட்டு வந்திருக்கா, அடையாளத்துக்கு! எந்தக் கோட்டியாவது அப்படிச் செய்வாளா? ‘அதெல்லாம் தெரியாது, எந்திரி’ன்னேன்.

அவ எந்திரிக்கல. அது ஒண்ணுதான் அண்ணாச்சி. முப்பத்திரெண்டு வருஷத்துல அன்னைக்கு ஒரு மணி நேரந்தான் நான் சொல்லி எந்திரிக்காம இருந்தா. நானும் விட்டுட்டேன்.

திரும்பி வந்து தெருவுல இருந்து நிமிந்து பாத்தேன், அந்த வேட்டி கொடிலேயே காஞ்சு கெடந்துது. இன்னைக்கு வரைக்கும் நான் மாடிக்குப் போகல. துணியெல்லாம் ரூமுக்குள்ளதான் காயப்போடுதேன், ஒரு மாதிரி வாட அடிக்கும், சட்டையில உங்களுக்கும் அடிக்கும். கோவிச்சுக்காதிய.

சார்ட்டுப்படி மூணு மணிக்கு எறங்க ஆரம்பிக்கணும். ரெண்டு நாப்பதுக்கு மூடுபனி வந்துது. வந்துதுன்னா, மேல இருந்து எறங்கல, கீழ இருந்து ஏறி வந்துது. பாத்துக்கிட்டே இருக்கும்போது என் கையவே நான் தேடும்படி ஆயிட்டு. எல்லாரும் இருந்த எடத்துல உக்காந்தாங்க. ஈச்சன் ஒவ்வொருத்தரா வந்து தோளத் தொட்டு, கையப் புடிச்சு, அந்த மஞ்சக் கல்லுகிட்டக் கொண்டு போயி விட்டான். நல்லாத்தான் செஞ்சான், அதுல குத்தம் சொல்லல. ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷம். வாச்சுல பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

எங்கிட்ட வரும்போது பத்துப் பேரு கல்லுகிட்டப் போயாச்சு. மிச்சம் நானும் எங்க வீட்லயுந்தான். என் கேள்வி என்னன்னா, பொம்பளப் பிள்ளய மொதல்ல கூட்டிட்டுப் போக வேண்டாமா? அவளப் போயா கடைசியா வைப்பான்? விசாரணையிலயும் இதத்தான் கேட்டேன். அதிகாரி அவனப் பாத்தாரு. அவன் சொன்னான், ‘அந்த அம்மாவுக்கு உக்காந்து இருக்கத் தெரியும் சார். அதனால கடைசியா வெச்சேன்’னு. அப்ப எனக்குத் தெரியாதாங்கேன்.

சரி, நான் எந்திரிச்சுட்டேன். ஒத்துக்கிடுதேன். மணி மூணு முப்பது தாண்டிட்டு. அரை மணி நேரம் லேட்டு. இருட்டுக்கு முன்ன பாறையடிக்குப் போகணும்லா? எந்திரிச்சு நாலு எட்டு வெச்சேன். எங்கிட்ட வராம அங்கிட்டு எங்கயோ போயிக்கிட்டு இருந்தவன், என் காலடிச் சத்தம் கேட்டு எம்பக்கம் திரும்பி வந்துட்டான். அவளத் தொடப் போயிக்கிட்டு இருந்தானோ என்னமோ. எனக்கு எப்படித் தெரியும்?

என் கையப் புடிச்சான். கல்லுகிட்டக் கூட்டிட்டுப் போறான். பைய, பைய, ஒவ்வொரு எட்டா. எனக்கு ஆத்திரமா வந்துது. இவன் என்னய விட்டுட்டுத் திரும்பி அவகிட்டப் போயி, அவளக் கூட்டிட்டு... நான் வாயத் திறக்கல. பேசாமத்தான் வந்தேன்.

ஒரு தடவ கூப்பிட்டேன். அவ்வளவுதான்.

பேரு சொல்லல. அவன் பேரு சொல்லித்தான கூப்பிடக் கூடாதுன்னான்? நான் என்னைக்கும் அவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டது கெடையாது. சும்மா வீட்டுல கூப்பிடுற மாதிரி ‘ஏட்டி, வா, நேரமாச்சு’ன்னேன். அதத் தப்புன்னு சொல்லுவியளா நீங்க? கட்டின பொண்டாட்டிய வான்னு சொல்லுறதுக்கு ஒருத்தன்கிட்ட அனுமதி வாங்கணுமா?

பதில் சொன்னா. ‘இந்தா வாரேன்.’

பக்கத்துல இருந்து சொன்ன மாதிரி இருந்துது அண்ணாச்சி. இந்தா, இந்தக் கம்பிக்கும் எனக்கும் உள்ள தூரம். அதான் எனக்குத் தைரியம். பக்கத்துலதான இருக்கான்னுட்டு இன்னும் ரெண்டு தடவ கூப்பிட்டேன், கொரலக் கேட்டு வழி புடிச்சு வரட்டும்னு. மூணாவது தடவ கூப்பிடும்போது அந்த ஈச்சன் பாய்ஞ்சு என் வாயப் பொத்தினான். ‘ஐயா, கூப்பிடாதீங்க. ஐயா, உங்களக் கும்பிடுதேன், கூப்பிடாதீங்க’ன்னு. நான் அந்தக் கையத் தட்டி விட்டேன். அடிக்கல. தட்டி விட்டேன்.

பெறகு அவ பதில் சொல்லல.

சத்தம் ஒண்ணுங் கேக்கல. விழுந்தா கத்துவாங்கல்லா? ‘அம்மா’ன்னாவது சொல்லுவாங்கல்லா? ஒண்ணும் இல்ல. அவ எப்பவுமே அப்படித்தான், சமையக்கட்டுல கையச் சுட்டுக்கிட்டாக்கூட வெளிய சத்தம் வராது. மூடுபனியில ஓடக் கூடாதுன்னு சொன்னவன், ஓடினான் பாத்துக்கிடுங்க. என்னய அங்கனயே விட்டுட்டு ஓடினான். நான் நின்ன எடத்துல உக்காந்துட்டேன். அப்ப உக்காந்தேன்.

தண்ணி இருக்கா? ஒரு மடக்கு குடுங்க.

ரெண்டு நாளாச்சு, அந்த வெடிப்புக்குள்ள இருந்து வெளிய எடுக்க. அவங்க ஊரு ஆளுங்க வந்து கயிறு கட்டி எறங்கினாங்க. எறங்கினது அந்த ஈச்சன்தான், வேற யாரையும் எறங்க விடல. கல்லாத்துக்குடி வரைக்கும் நாலு பேரு மாத்தி மாத்தித் தூக்கிட்டு வந்தாங்க. அவன் தோள மாத்தவே இல்ல.

பதினாறாம் நாளு கழிஞ்சு ஒரு நாளு அவன் எங்க வீட்டுக்கு வந்தான். இதே வண்டியில வந்திருப்பான் போல. காலையில பால்காரன் சொல்லுதான், ‘வெளிய ஒரு ஆளு நிக்காரு’ன்னு. எட்டிப் பாத்தா இவன். கேட்டுக்கு வெளிய நிக்கான். பெல் அடிக்கல, ஐயான்னு ஒரு சத்தம் குடுக்கல. மனுசன் வந்தா கூப்பிட மாட்டானா? நான் கதவச் சாத்திட்டேன். மத்தியானம் பாத்தேன், நிக்கான். சாயங்காலம் கடைசி வண்டிக்கு நேரமானதும்தான் போனான். காம்பவுண்டுச் செவுத்து மேல என்னமோ வெச்சுட்டுப் போயிருந்தான். போயி எடுத்துப் பாத்தேன். என் சார்ட்டு. அவ பையில இருந்திருக்கு. கழுவித் தொடச்சு, நனையாம இலையில சுத்தி. அத வைக்கவா வந்தான்னு எனக்கு அவ்வளவு கோவம். அந்தச் சார்ட்டையே மனுவோட ஆதாரமாச் சேத்துட்டேன்.

விசாரணைதான் வேடிக்க. அதிகாரி அவன்கிட்ட நேராக் கேட்டாரு, ‘மேல யாராவது கூப்பிட்டாங்களா?’ன்னு. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘இல்ல சார். யாரும் கூப்பிடல. நான் அந்த அம்மாகிட்டப் போய்ச் சேர லேட்டாயிட்டு’ன்னான். பாத்தியளா? அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான். லேட்டாயிட்டுன்னு! மத்தவங்கள்ல ஒரு டாக்டரு இருந்தாரு, அவரு சொன்னாரு, ‘ஏதோ ஒரு கொரல் கேட்டுது, மலைதான் கூப்பிடுதுன்னு நாங்க யாரும் எந்திரிக்கல’ன்னு. அந்தச் சிரிச்ச பையங்களும் அதையேதான் சொன்னானுவ. என்கிட்டயும் கேட்டாரு. ‘நீங்க கூப்பிட்டீங்களா?’ நான் மனுவ நீட்டினேன். அதுல மூணாவது பத்தியில தெளிவா இருக்கு, ‘மூடுபனி நேரத்தில் யாரும் கூப்பிடவில்லை.’ ரெண்டு பேரு சொன்னதும் ஒண்ணா இருக்குன்னு எழுதிக்கிட்டு, கடைசி நாளு கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்கன்னு மனுவத் திருப்பிக் குடுத்தாரு.

எம் மக கோமதி மட்டும் விட மாட்டேங்கா. ஓசூர்ல இருக்கா. போன்ல கேக்கா, ‘அப்பா, அம்மா தானா எந்திரிச்சிருக்க மாட்டா. தொட்டாத்தான் எந்திரிப்பேன்னு சொன்னான்னு நீங்கதான சொன்னீங்க? அவ யாரு கூப்பிட்டா வருவா?’ன்னு. நான் போன வெச்சுட்டேன். ஆறு மாசம் ஆச்சு, நானும் பண்ணல, அவளும் பண்ணல. பெத்த பிள்ள போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்டா எப்படி இருக்கும்?

என்ன கேட்டிய?

இல்ல, சரியாக் கேக்கல, வண்டிச் சத்தத்துல.

வாயப் பொத்தினான்னா அவனுக்கு என் சத்தம் கேட்டிருக்கும்லான்னு கேக்கிய.

ஆமா. கேட்டிருக்கும். கேக்காம எப்படி, பக்கத்துலதான நின்னான். கையப் புடிச்சுக்கிட்டு நின்னான்.

அப்ப ஏன் யாரும் கூப்பிடலன்னு சொன்னாங்கிய.

பயந்திருப்பான். ஆபீசரப் பாத்துப் பயந்திருப்பான். இல்ல... பயந்தவன் என்ன சொல்லியிருப்பான்? இந்தாளுதான் கூப்பிட்டாருன்னு சொல்லியிருப்பான். சொன்னா அவன் தப்பிச்சான். அடுத்த நாளே வேலைக்குப் போயிருக்கலாம். எட்டு மாசமா விறகு வெட்டிக்கிட்டு அலையுதான்னு சொன்னாங்க, அவனுக்கு அதெல்லாம் பழக்கமில்லியாம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுது.

எம் மூஞ்சியப் பாத்தான் அண்ணாச்சி. அத இப்பச் சொல்லுதேன். ‘யாரும் கூப்பிடல’ன்னு சொல்லுறதுக்கு முந்தி ஒரு தடவ எம் மூஞ்சியப் பாத்தான். நான் அத அன்னைக்கு வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். குத்தம் செஞ்சவன் முழிக்கான்னு நெனச்சேன்.

நான்தான் கூப்பிட்டேன். தொட்டாத்தான் எந்திரிப்பேன்னு சொன்னவ, என் சத்தத்தக் கேட்டு எந்திரிச்சுட்டா. அது மலைதான்னு நெனச்சு உக்காந்திருக்கக் கூடாதா, மூதி? மலை ஏட்டின்னா கூப்பிடும்? அவளுக்குத் தெரியும், அது நான்னு. லேட்டாச்சுன்னா நான் கத்துவேன்னு தெரியும். அதான் நேரா வந்துட்டா. என் கொரலப் பாத்து நேரா.

இல்ல இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணுல தூசி கெடையாது, அழத்தான் செய்யுதேன். எட்டு மாசமா அழல. இருங்க, துண்டு இருக்கு.

உங்ககிட்டப் பேனா இருக்கா? சட்டப்பையில தெரியுதே, அதக் கொஞ்சம் குடுங்க. இந்தக் கவர நீங்களே பிரிங்க, நான் கண்ணத் தொடச்சுக்கிடுதேன். மூணாவது பத்தி. ‘யாரும் கூப்பிடவில்லை.’ ஆங், அதான். அத நான் அடிச்சிருதேன். பக்கத்துல கையெழுத்தும் போடணும்லா, அடிச்ச எடத்துல. கோணலாத்தான் வருது, வண்டி ஆடுதுல்லா. மேல எழுதணும், ‘நான் கூப்பிட்டேன்’னு. ‘மூன்று முறை.’ நேரம் மூணு நாப்பத்திரெண்டு. அந்த நேரத்த மனுவுல நான் எங்கயும் போடல. எல்லா நேரமும் போட்டேன், அத மட்டும் போடல.

ஊரு வந்துட்டு போல. செக்போஸ்ட் தெரியுது. அங்கன பாருங்க, டீக்கடைக்கு முன்ன, புளிய மரத்தடியில. நீலச் சட்ட போட்டு ஒருத்தன் நிக்கான்லா. அவன்தான் ஈச்சன். ஒவ்வொரு விசாரணைக்கும் நான் வார அன்னைக்கு அங்கன வந்து நிப்பான். என் பைய வாங்கிக்கிட்டு ஆபீஸ் வரைக்கும் பின்னாலேயே வருவான், ஒரு வார்த்த பேச மாட்டான். வெக்கங்கெட்ட பய, காலுல விழுந்து காரியம் சாதிக்கப் பாக்கான்னு நெனச்சுக்கிட்டு வேகமா நடப்பேன்.

எறங்குதேன் தம்பி, எறங்குதேன். கண்டக்டர் பாருங்க, நேரமாச்சு நேரமாச்சுன்னு கத்துதான். கத்தாதய்யா. முட்டு வலிக்காரன், பைய எறங்கட்டும்.

பேனாவ வாங்கிக்கிடுங்க. நீங்க மொதல்ல எறங்குங்க அண்ணாச்சி, அவசரம் இல்ல. நான் வண்டியில இருக்கேன்னு அவன் பாத்துட்டான். பாத்தும் கூப்பிட மாட்டான். எம்புட்டு நேரம் ஆனாலும் நான் எறங்கி வார வரைக்கும் அங்கனயேதான் நிப்பான். நான் அன்னைக்கு அப்படி நின்னிருக்கலாம். என்னயக் கல்லுல விட்டுட்டு அவன் அவகிட்டப் போய்ச் சேர எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்னு வீட்டுல உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். ஏழு நிமிஷம். ஏழே ஏழு நிமிஷந்தான் அண்ணாச்சி.